கேட்டுவிட்டு நானே சொன்ன பதில்

டயாலிசிஸ் பிரிவுகளுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. நான் ஓய்வுபெற்று வந்த இந்த இரண்டு வருடத்திலேயே மெஷின்கள் மாறிவிட்டன என்று கேள்விப்படுகிறேன். நான் சொல்ல வந்தது மீட்டிங்கைப் பற்றி. ஊழியர்களை உட்காரவைத்து, "இதுக்கு என்ன பண்ணலாம், ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுங்க" என்று கேட்பீர்களே, அந்த மீட்டிங். ஊசி குத்தத் தெரியாமல் நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. மீட்டிங் நடத்தத் தெரியாமல் ஒரு மனிதரைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடம் டயாலிசிஸ் பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தேன். ஆறு மெஷின், சிறுநீரகம் செயலிழந்த இருபத்தெட்டு நோயாளிகள். அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு இரண்டு முறையோ மூன்று முறையோ வந்து நாலு மணி நேரம் படுத்துவிட்டுப் போக வேண்டும். ஒருமுறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். எல்லா வியாதிக்கும் கொஞ்சம் தள்ளிப்போட இடம் உண்டு, இதற்கு இல்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். சின்னது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. அதற்கு வர வேண்டிய ஆறு பேரில் இரண்டு மூன்று பேர் தினமும் தாமதமாக வருவார்கள். அவர்கள் தாமதித்தால் அன்றைய மூன்று ஷிஃப்டும் சரிந்துபோகும். என்ன செய்யலாம் என்று கேட்க எல்லோரையும் கூப்பிட்டேன். ஐந்து நர்ஸ்கள், இரண்டு டெக்னீஷியன்கள், வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர். டெக்னீஷியன்களில் ஒருத்தி தேன்மொழி. சுரக்குடிப் பெண். வீட்டில் நெல் சாகுபடி. டிப்ளமோ முடித்துவிட்டு வந்து சேர்ந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அவள்தான் முதலில் பேசினாள்.

"சிஸ்டர், முதல் ஷிஃப்ட ஆறரைக்கு வச்சா என்ன? எங்க ஊரு பக்கமெல்லாம் முதல் பஸ்ஸே ஆறு மணிக்குத்தான் வருது."

எனக்கு அன்றைக்கு வாய்த்துடுக்கு. "அப்ப கண்டக்டருக்கும் இங்கயே ஒரு கட்டில் போட்டுருவோமா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தேன்மொழியும் சிரித்தாள். அவளும் சிரித்ததால் அவளுக்கு அது உறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மீட்டிங் நல்ல கலகலப்பாகப் போனது என்ற திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன். தாமதமாக வருகிறவர்களுக்கு வீட்டுக்குப் போன் போட்டு எழுப்பிவிடுவது என்று முடிவானது. அது என் யோசனை. விழித்துக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறவர்களைத்தான் நாங்கள் தினமும் எழுப்பிக்கொண்டிருந்தோம்.

அதற்கு ஒரு வருடம் கழித்துப் புயல் வந்தது.

எச்சரிக்கை வந்தது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை கரையைக் கடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், எல்லோரையும் கூட்டினேன். வெள்ளைப் பலகை, பச்சை மார்க்கர், டீ, பிஸ்கட். கேள்வியைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்: புயல் வந்தால் என்ன செய்வது?

அன்றைக்கு எங்கள் ஆட்கள் பேசிய மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயம் வாயைத் திறந்துவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்பி வைப்பது. ஊழியர்கள் இங்கேயே தங்கிவிடுவது. டவுனில் சொந்தக்காரர் வீடு இருக்கிற நோயாளிகளை அங்கே வந்து தங்கச் சொல்வது. பொட்டாசியத்தை ஏற்றிவிடும் இளநீர், வாழைப்பழம், கீரை பக்கமே போகக்கூடாது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் போனில் சொல்வது. போர்வெல் மோட்டார் நின்றுபோனால் தண்ணீருக்கு டேங்கர் சொல்லி வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நல்ல யோசனை வந்தது. புயலுக்கு முன்பே இருபத்தெட்டு பேரையும் வரவழைத்து, நாலு மணி நேரத்துக்குப் பதில் ஆளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டி அனுப்பிவிட்டால், நடுவில் இரண்டு மூன்று நாள் பாதை அடைபட்டாலும் தாங்குவார்கள்.

நாற்பது நிமிடத்தில் பலகையில் இடம் இல்லை. எண்ணிப் பார்த்தேன், இருபத்துமூன்று யோசனை. எனக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கடைசியாகக் கேட்டேன்.

"வேற ஏதாவது இருக்கா? எல்லாரும் வந்துருவாங்கல்ல? ஏன் வராம, உயிர் பயம் இருக்குல்ல."

தேன்மொழி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. பிறகு கையில் இருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள்.

இதை நான் பார்த்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. பார்த்தேன். ஒரு வினாடி, "என்னம்மா?" என்று கேட்டிருக்கலாம். மீட்டிங் அவ்வளவு அழகாக வந்து முடிந்திருந்தது, அதைக் கலைக்க மனம் வரவில்லை. "சரி, வேலையைப் பாப்போம்" என்று எழுந்துவிட்டேன்.

அன்று மாலையே எல்லா நோயாளிகளுக்கும் போன் செய்தோம். சுரக்குடியில் கலியபெருமாள் என்று ஒருவர், ஐம்பத்திரண்டு வயது, எங்களிடம் நாலு வருடமாக வருகிறவர். அவருக்கு நானே பேசினேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

"சரிங்க சிஸ்டர். வந்துர்றேன்" என்றார்.

அவர் பேருக்கு எதிரே டிக் போட்டேன். வருகிறேன் என்று சொல்கிறவர் எல்லாம் வருவதாக அர்த்தம் இல்லை என்று இத்தனை வருடத்தில் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் நம் முகத்துக்கு எதிரே "முடியாதுங்க" என்று சொல்லிவிடுவார்களா?

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வரவில்லை. அடுத்தவரை அந்த மெஷினில் ஏற்றினேன். மாலையில் வந்துவிடுவார் என்று நினைத்தேன். அன்று வேலை எப்படி ஓடியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவரை இறக்கி இன்னொருவரை ஏற்றி, மூச்சுவிட நேரமில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் பட்டியலைப் பார்த்தேன். இருபத்தேழு டிக்குக்கு எதிரே வருகை இருந்தது, ஒன்றுக்கு மட்டும் இல்லை. உடனே போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவங்க வயல்ல இருக்காங்க சிஸ்டர். வடிகால் அடைச்சுக்கிட்டு நிக்குது. நட்டு இருபது நாளுதான் ஆவுது, தண்ணி நின்னா பயிரு அழுவிரும்னு நேத்து காலைலேர்ந்து மம்புட்டியும் கையுமா நிக்கறாங்க."

"அம்மா, அவர் உயிருக்கு ஆபத்தும்மா. உடனே கூட்டிட்டு வாங்க."

"நான் சொல்லிப் பாத்துட்டேங்க. 'ஒரு நாளு தள்ளிப்போனா என்ன ஆயிரப்போவுது'ன்னு கத்துறாங்க. போன வருசமே பாதி போச்சு. இந்த வருசமும் போனா என்னங்க பண்றது?"

வேனை அனுப்பினேன். காற்று அதற்குள் எழும்பிவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் மரம் விழுந்து கிடக்கிறது என்று அண்ணன் பாதியில் திரும்பி வந்தார். மாலையில் புயல் கரையைக் கடந்தது. கரண்ட் போனது, போன் டவரும் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். வாசலில் டிராக்டர் சத்தம். டிரெய்லரில் தார்ப்பாய் விரித்து, கலியபெருமாளை அவர் மச்சான் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து உட்காரவைத்திருந்தார். படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. உதடு நீலம். கால் இரண்டும் சேறோடு வீங்கிக் கிடந்தன. மூச்சு இழுக்கிற சத்தம், கொதிக்கிற பானைச் சத்தம் மாதிரி, வராந்தா வரை கேட்டது.

டியூட்டி டாக்டர் இளைஞர். ஆக்ஸிஜன் வைத்தார், போட வேண்டிய ஊசிகளைப் போட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "மெஷின்ல ஏத்தினாதான் உண்டு, சிஸ்டர்" என்றார். தஞ்சாவூரிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வரும் எங்கள் சிறுநீரக மருத்துவரைப் பிடிக்கப் போன் வேலை செய்யவில்லை.

மெஷின் நாலு காலியாக இருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு முறைக்கே நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். போர் மோட்டார் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை நம்பி அப்போதுதான் இரண்டு பேரை ஏற்றியிருந்தோம். அவர்கள் இருவருக்கே அது சரியாக இருக்கும்.

டேங்கர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பலகையில் இருந்தது. பச்சை மார்க்கரில், என் கையெழுத்தில், "டேங்கருக்குச் சொல்லி வைக்கணும்" என்று தெளிவாக இருந்தது. யார் சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. நான் வேன் அண்ணன் சொல்லியிருப்பார் என்று இருந்தேன். அவர் ஆபீஸில் சொல்லியிருப்பார்கள் என்று இருந்தார். ஆபீஸுக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது. இருபத்துமூன்று யோசனையில் ஒன்றுக்குப் பக்கத்தில்கூட ஒரு மனிதப் பெயர் கிடையாது.

மெஷினில் இருந்த இருவரில் ஒருவர் வசந்தா டீச்சர், போலகத்துக்காரர். புயலுக்காக டவுனில் தங்கை வீட்டில் வந்து தங்கியிருந்தார். இன்னொருவர் எழுபது வயதுப் பெரியவர். ஒருவரை நிறுத்தினால்தான் கலியபெருமாளுக்குத் தண்ணீர். யாரை? எனக்குக் கை ஓடவில்லை. இத்தனை வருட அனுபவம் அத்தனையும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. தேன்மொழி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நீ சொல்லும்மா. என்ன பண்ணலாம்?"

அந்தக் கேள்வியில் என் பதில் எதுவும் இல்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

"டீச்சர எடுத்துரலாம் சிஸ்டர்" என்றாள். கொஞ்சமும் தயங்கவில்லை. "வியாழக்கெழம அவங்களுக்கு முழுசா மூணு மணி நேரம் ஓடிருக்கு. இன்னைக்குத் தண்ணி வெயிட்டு ஒண்ணரைக் கிலோதான் கூட. பெரியவரத் தொட வேண்டாம், அவருக்குப் பொட்டாசியம் எப்பவும் ஏறி நிக்கும்."

"டீச்சர் ஒத்துக்கணுமே."

"கேட்டுட்டேன்."

டீச்சர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்னய எடும்மா மொதல்ல. அவரு மூச்சு விடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

டிராக்டர் உள்ளே நுழைந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் இவ்வளவையும் யோசித்து முடித்திருந்தாள். டீச்சரை இறக்கச் சொன்னேன், கலியபெருமாளை ஏற்றினோம். முதல் ஒரு மணி நேரம் நான் கட்டிலை விட்டு நகரவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் அந்தக் கொதிக்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மூன்றாவது மணி நேரத்தில் தலையணையில் சாய்ந்தார். கண்ணைத் திறந்து மச்சானைப் பார்த்து முதலில் கேட்டது: "தண்ணி வடிஞ்சுச்சா?"

பாதி வயல் தப்பித்திருந்தது. அவரும் தப்பித்தார்.

மதியம் ஸ்டோர் ரூமில் தேன்மொழி டியூப்களை எண்ணிக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அவர் வரமாட்டார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர்."

"மீட்டிங் அன்னைக்கேவா?"

"ஆமாம். எங்க வயலுக்கு ரெண்டு வயல் தள்ளித்தான் அவங்க வயலு. அந்த நெலம் தாழ்வு. மழைன்னு சொன்னதுமே எங்கப்பாவே அன்னைக்கு வீட்ல இல்ல, வயல்லதான் நின்னாரு."

"ஏம்மா சொல்லல? வேற ஏதாவது இருக்கான்னு நான் கேட்டேனே."

எண்ணுவதை நிறுத்தினாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கில் தப்பு இருக்கிறது என்று காட்டுவது போலச் சொன்னாள்.

"கேட்டீங்க சிஸ்டர். கேட்டுட்டு நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க."

பஸ் கண்டக்டரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக அவள் எந்த மீட்டிங்கிலும் பேசவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒருவர் பேசாமல் இருப்பதைக் கவனிக்க நமக்கு ஒரு வருடம் ஆகிறது. பேசினால் உடனே கவனிக்கிறோம்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்து செய்ததும் தப்புதான். எல்லோரும் பேசியே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டேன். வட்டமாக உட்காரவைத்து, இடதுபக்கத்திலிருந்து வரிசையாக ஆளுக்கு ஒரு யோசனை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது. முதல் ஆள் எதையோ சொல்வார். இரண்டாமவர் "அவங்க சொன்னதுதான் சிஸ்டர்" என்பார். கடைசியில் உட்கார்ந்த நர்ஸ் ஒருத்தி, என்ன சொல்வது என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். தேன்மொழி தன் முறை வந்தபோது, "குப்பைக்கூடைய மாத்தி வைக்கலாம்" என்றாள். கூடை இருந்த இடம் சரியாகத்தான் இருந்தது. கேட்கிறார்களே என்று எதையோ கொடுத்தாள்.

தஞ்சாவூர் டாக்டர் ஒருநாள் அப்படி ஒரு மீட்டிங்குக்குள் வந்து மாட்டிக்கொண்டார். அதிகம் பேசாதவர். முடிகிற வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நீங்க கேள்வி கேக்கறப்பவே உங்க முகத்துல பதில் எழுதியிருக்கு சிஸ்டர். அவங்க அதைப் படிச்சு உங்களுக்கே திருப்பிச் சொல்றாங்க" என்றார்.

"நான் எதுவுமே சொல்றதில்லையே டாக்டர், இப்பல்லாம்."

"சொல்ல வேண்டாம். ஒருத்தி பேசறப்ப உங்க புருவம் ஏறுது, இன்னொருத்தி பேசறப்ப தலை ஆடுது. அது போதும்."

"புருவத்தை நான் என்ன பண்றது?"

"வெளில கொண்டுபோயிடுங்க" என்றார். சிரிக்கவில்லை. "கேள்விய மட்டும் குடுத்துட்டுப் பத்து நிமிஷம் ரூமை விட்டுப் போயிடுங்க. திரும்பி வந்து, என்ன பேசினாங்கன்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும். யார் சொன்னாங்கன்னு கேக்காதீங்க. நானும் முப்பது வருசம் புருவத்தோட கஷ்டப்பட்டவன்தான்."

அடுத்த வாரம் வெளியே போனேன். வராந்தாவில் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றேன். உங்களுக்கு இது லேசாகத் தோன்றும். என் பிரிவு, என் ஆட்கள், கதவுக்கு அந்தப் பக்கம் நான் இல்லாமல் பேசுகிறார்கள். பத்து நிமிடமும் உள்ளே ஒரு சத்தம் இல்லை. திரும்பி வந்தபோது எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் லேசான முணுமுணுப்பு. மூன்றாவது வாரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயம். கதவு வரை போய்விட்டேன். கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். வைத்த கையை எடுத்துக்கொண்டு தண்ணீர் கேனுக்குத் திரும்பி வந்ததைத்தான் என் பணிக்காலத்தில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் ஒன்றாக இன்றும் நினைக்கிறேன்.

அன்று உள்ளே போனதும் ஒரு நர்ஸ் எழுந்து சொன்னாள்: "முதல் ஷிஃப்ட ஆறரைக்கு மாத்தலாம்னு பேசினோம் சிஸ்டர். பஸ் நேரம் அப்படி."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மாற்றினோம். தாமதம் ஏறக்குறைய நின்றுபோனது. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த யோசனை எங்களிடம்தான் இருந்தது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. புயல் இல்லை, மூன்று நாள் கனமழை. இந்த முறை பலகையில் கேள்வியை வேறு மாதிரி எழுதினேன். போன முறை எழுதியது கேள்வியே இல்லை. அவ்வளவு அகலமான கேள்விக்கு எதைச் சொன்னாலும் பதில்தான். இப்போது, "இருபத்தெட்டு பேரில் யார் வரமாட்டார்கள், ஏன்?" என்று எழுதிவிட்டு வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது பலகையில் ஐந்து பெயர் இருந்தது. ஒவ்வொரு பேருக்கும் எதிரே காரணம். கணவர் வெளியூரில், கூட்டிவர ஆள் இல்லை. மகளுக்குப் பிரசவ நேரம். நாலாவது பெயர் கலியபெருமாள்.

அவர் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. "இவரை எப்படியாவது பேசி இழுத்துட்டு வந்துரணும். நானே நேர்ல போறேன்" என்றேன்.

"நீங்க போனாலும் 'வந்துர்றேங்க'ன்னுதான் சொல்லுவாரு சிஸ்டர்" என்றாள் தேன்மொழி. என் முகத்தைப் பார்த்தேதான் சொன்னாள். "அவரைக் கூட்டியாற ஆளு தேவையில்ல. அவரு இங்க படுத்திருக்கற நேரத்துல அவரு வயல்ல நிக்க ஆளு வேணும்."

இத்தனை வருடமாக அவரை எப்படி இங்கே கொண்டுவருவது என்றே யோசித்திருக்கிறோம். அவர் எதை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை.

அங்கேயே அவருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தோம். தேன்மொழி பேசினாள்.

"மாமா, நாளைக்குக் காலைல எங்கண்ணன் ஒங்க வயல்ல வந்து நிக்கும். எந்த மடைய வெட்டணும், எத அடைக்கணும்னு இன்னைக்குச் சாயந்தரமே அதுகிட்ட காட்டிருங்க. நீங்க வந்து மூணு மணி நேரம் படுத்துட்டுப் போயிருங்க. வேன் வரும்."

அவர் கேட்டார்: "அது வடக்கால இருக்கற மடைய ஒழுங்கா வெட்டுமா?"

"நீங்க காட்டிக் குடுக்கற மாதிரி வெட்டும் மாமா."

"அப்ப வேன ஏழு மணிக்கு அனுப்பு. அதுக்கு முன்னாடி ஒருக்கா நான் பாத்துட்டு வந்துர்றேன்."

இந்த முறை "வந்துர்றேங்க சிஸ்டர்" என்று அவர் சொல்லவில்லை. நேரம் சொன்னார், நிபந்தனை போட்டார். வரப்போகிறவர் பேசுகிற பேச்சு அது. மறுநாள் ஏழரைக்கு வந்து இறங்கினார். டேங்கருக்குச் சொல்லும் வேலைக்கு எதிரே வேன் அண்ணன் பெயரும் "இன்று ஐந்து மணிக்குள்" என்பதும் எழுதியிருந்தோம். முந்தின நாள் நாலரைக்கே தொட்டி நிரம்பிவிட்டது. எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் இல்லாத ஆறாவது ஒருவர் வரவில்லை. அவருக்கு மழை பயம், அவ்வளவுதான். அவரை மறுநாள் கூட்டிவந்து சமாளித்தோம். எவ்வளவு நன்றாக யோசித்தாலும் ஒன்று வெளியே நிற்கும். அது யார் என்று சீக்கிரம் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும்.

உங்களில் சிலர், அப்படியானால் எல்லா மீட்டிங்கிலும் வெளியே போய்விடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அவசரத்தில் போகாதீர்கள். ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டும்போது பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசச் சொன்னால் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை தேன்மொழி சொன்னதைக் கேட்டேன், ஆனால் டீச்சரை இறக்கச் சொன்ன உத்தரவு என்னுடையது. தப்பாகப் போயிருந்தால் அது என் தப்பு, அவள் தப்பு இல்லை. யோசனை யாருடையதாகவும் இருக்கலாம், முடிவு உங்களுடையது. இது புரிந்த இடத்தில்தான் கீழே இருப்பவர்கள் பயமில்லாமல் பேசுவார்கள்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வாரம் கடைசியாக ஒரு மீட்டிங். அதற்குள் தேன்மொழியிடம் பாதிப் பொறுப்பு போயிருந்தது; அவள்தான் நடத்தினாள். மழைக்கால ஷிஃப்ட் எப்படி வைப்பது என்பது பேச்சு. நானும் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரையும் மழை மாதங்களில் முதல் ஷிஃப்டுக்கே மாற்றிவிட்டால் வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேரலாம். இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். சொன்னேன். தேன்மொழி பலகையில் எழுதினாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் கையைத் தூக்கினாள். வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

"அது சரியா வராதுங்க சிஸ்டர். திருவேட்டக்குடிலேர்ந்து வர்ற அக்காவுக்குச் சுகர் இருக்கு. அத்தனை சீக்கிரம் அவங்களால சாப்புட முடியல. போன மாசம் காலை ஷிஃப்ட்ல ரெண்டு தடவ அவங்களுக்குச் சுகர் லோ ஆயிருச்சு. அவங்க மாதிரி இன்னும் மூணு பேர் இருக்காங்க."

சுருக்கென்று இருந்தது. அதை மறைக்க மாட்டேன். போகிற நாளில் ஒரு மரியாதைக்காவது விட்டிருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் தேடவில்லை. எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த மூன்று பேர் யார் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தேன்மொழி என் யோசனையின் மேல் ஒரு கோடு போட்டாள்.

"சரி, அடுத்தது?" என்றாள்.

நானும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டு, அடுத்தது யார் சொல்லப்போகிறார்கள் என்று கேட்க உட்கார்ந்தேன்.